ஐயாவின் காதில் ஆட்டின் இரண்டு

நடுவில் மடிப்பு விழுந்த சீட்டுக் கடதாசி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆட்டின் இரண்டு, சிவப்பு இதயம் போட்டது. முந்நூற்றுநாலு ஆட்டத்தில் இரண்டுக்கு வேலையே இல்லை, முதலிலேயே கட்டிலிருந்து எடுத்து ஒதுக்கிவிடுவோம். எங்கள் நீர்வேலி வீட்டில் அதற்கும் ஒரு வேலை இருந்தது. எந்த இனம் துரும்பு என்று சொல்லி ஆடித் தோற்றவர் அதை மடித்துக் காதில் கொழுவிக்கொண்டிருக்க வேண்டும்.

மாலைச் செபம் முடிந்ததும் ஐயா பாயை விரிப்பார். வேதப்புத்தகம் இருந்த மேசையின் லாச்சிக்குள்தான் கடதாசிக்கட்டும் கிடந்தது. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்லவா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் லாச்சி திறக்காது. ஐயா, அம்மா, அண்ணை, நான் என்று நாலு பேர். அம்மா காதில் கடதாசியோடேயே எழும்பிப்போய்ப் பால் காய்ச்சுவார். ஐயாவின் காதில் அது ஏறி நான் கண்டதில்லை.

அம்மா போய்ச் சேர்ந்தார். அண்ணை லண்டனுக்குப் போனார். அதோடு விட்டாரா ஐயா? சாவகச்சேரி ஆஸ்பத்திரி வேலையில் நாள் முழுக்கக் காலில் நின்று, பஸ்ஸில் நசிபட்டு வந்து, நான் செருப்பைக் கழற்றமுன்பே உள்ளேயிருந்து குரல் வரும்.

"பிள்ளை, முகத்தைக் கழுவிப்போட்டு வா. கடதாசி போட்டாச்சு."

நாலு கைக்கும் போட்டிருப்பார். அம்மாவின் கையையும் நான் பார்க்கவேண்டும், அண்ணையின் கையை அவர் பார்ப்பார். கடவுளே, இந்தக் கட்டை ஒரு கள்ளனாவது கொண்டுபோகமாட்டானா என்றிருக்கும்.

"இண்டைக்கு ஏலாது ஐயா."

"விட்டா மறந்துபோம். அண்ணையின்ரை பிள்ளை வரேக்கை ஆர் அவளுக்குச் சொல்லிக்குடுக்கிறது?"

ஒரு விடுமுறைக்கு அவள் வந்தாள். ஐயாவும் நானும் ஒரு பக்கம், அண்ணையும் மகளும் மறுபக்கம். பிள்ளை துரும்பு சொல்லித் தோற்றாள். ஐயா ஆசையாசையாக அவள் காதில் கடதாசியைக் கொழுவினார். அவள் விக்கி விக்கி அழத்தொடங்கினாள்.

"சின்னப்பிள்ளையை உப்பிடிப் பகிடி பண்ணாதேங்கோ மாமா," என்றார் அண்ணி.

ஐயாவின் முகம் செத்துப்போயிற்று.

"இன்னும் ஒரேயொரு ஆட்டம் மோனை," என்று கெஞ்சி, துரும்பைத் தானே சொன்னார். முடிகிற தறுவாயில் பிள்ளை துரும்பில் ஒன்பதைப் போட்டாள். அதை வெல்ல ஜாக் ஒன்றால்தான் முடியும். ஐயா ஏழைப் போட்டார். கையில் மிஞ்சியதைக் காட்டாமலே குவியலுக்குள் தள்ளினார்.

"தோத்துப்போனன் மோனை!"

பிள்ளை துள்ளியெழுந்து அவர் காதில் ஆட்டின் இரண்டைக் கொழுவினாள். சிரித்துச் சிரித்து, திரும்பவும் போடச் சொன்னாள். கடதாசிகளை அள்ளும்போது பார்த்தேன், அவர் தள்ளியது துரும்பு ஜாக். கதையாதே என்று கண்ணைக் காட்டினார்.

அவர்கள் போன மறுநாள் நானாகவே முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பாய் விரித்திருக்கவில்லை.

"இண்டைக்குப் போடேல்லையோ ஐயா?"

"ஆடினது காணும் பிள்ளை. நீயும் களைச்சுப்போய் வாறாய். அவளுக்கெண்டுதான் வைச்சிருந்தனான். குடுத்தாச்சு."

அதற்குப் பிறகு அவர் லாச்சியைத் திறக்கவேயில்லை. நான் கேட்ட ஓய்வு கிடைத்தது. ஐயாவும் இப்போது இல்லை. அவள் பிறகு வரவில்லை, அந்த ஆட்டம் அவளுக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு அலுப்பு மட்டும் குறையவில்லை. செருப்பைக் கழற்றும்போது இன்றைக்கும் ஒரு கணம் நின்று காதுகொடுக்கிறேன். நேற்று அந்தக் கடதாசியை எடுத்து என் காதில் கொழுவிப் பார்த்தேன். மடிப்புத் தளர்ந்துவிட்டது, நிற்கவில்லை.