மூன்றாம் அழைப்புக்கும் நான்காம் அழைப்புக்கும் நடுவே

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடையில், ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுத் தாள் வந்து உட்காரும். அந்த வாரச் சனிக்கிழமை, சபத் என்கிற ஓய்வுநாளில், எங்கள் யூத ஜெபக்கூடத்தில் வாசிக்கப்போகும் தோரா வேதப் பகுதியைப் பற்றி ஹனீனா அக்கா எழுதியது. ஒரே பக்கம்தான். அக்கா கடையின் பொறுப்பாளர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் குடைமிளகாய் அடுக்கப் போனவர். இருபத்தாறு வருடங்களில் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. மகன் கல்யாண வாரத்திலும் தாள் வந்தது, ஓரத்தில் மிளகாய் விழுதுக் கறையோடு.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பேர்ஷெபா பல்கலைக்கழகச் சான்றிதழை அம்மா வரவேற்பறையில் மாட்டி, வருகிற எல்லாரையும் அதன் எதிரே உட்கார வைப்பார். அங்கே நான் படித்ததெல்லாம் வீண் இல்லை. ஆனால் மூவாயிரம் வருடத்துப் பழைய கதையை எடுத்து இன்று காலை நடந்த விஷயத்தின் மேல் வைத்துப் பார்க்கிற வித்தையை எனக்குக் காட்டியது அந்தக் கடைத் தாள்தான். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் போன பாபேல் கோபுர வாரத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவைப் பற்றி எழுதினார். இரண்டு நாள் யாரும் குழுவில் வாய் திறக்கவில்லை. வழிமறித்து நின்ற தேவதூதனைக் கண்டு நகர மறுத்த பிலேயாமின் கழுதை வாரத்தில், ‘மூன்று முறை அடித்த பிறகுதான் அது எதைப் பார்த்து நின்றது என்று அவனுக்குத் தெரிந்தது. டிராக்டர் நின்றால் உதைக்காதே. திறந்து பார்’ என்று எழுதினார்.

கழுதைக்கு அடுத்த வாரம், காலண்டர்ப்படி, பினெகாஸ் என்ற பகுதி. அந்த ஜூலையில் ஊரே யிஸ்காவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

யிஸ்கா, தன் அப்பாவின் குடைமிளகாய்ப் பசுமைக்குடில்களைப் பத்து வருடம் தனி ஆளாகப் பார்த்தவள். அப்பா வசந்தத்தில் இறந்துபோனார், எதுவும் எழுதி வைக்காமல். எங்கள் ஊரில் ஒரு பண்ணையைப் பிரிக்க முடியாது. பிள்ளைகளில் ஒருவருக்குத்தான் போகும். எழுத்து இல்லாவிட்டால் ஊர்க்குழு மகனைத்தான் சொல்லும். அது சட்டமில்லை, பழக்கம். அவள் தம்பி நெதன்யாவில் கைபேசி விற்கிறான். பண்ணை கைக்கு வந்தால் விற்றுவிடுவேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை குழு தம்பி பெயருக்குக் கையெழுத்துப் போட்டால் ஆகஸ்டில் யிஸ்கா நாற்று நட முடியாது.

பினெகாஸ் வாரத்தில்தான் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் வருகிறார்கள். அப்பாவுக்கு மகன் இல்லை, அவர் பங்கு எங்களுக்கு ஏன் கிடையாது என்று மோசேயிடம் கேட்கிறார்கள். அக்காவின் தாள் அந்தப் பெண்களைப் பற்றி அதிகம் பேசவில்லை, மோசேயைப் பற்றிப் பேசியது. ‘சட்டத்தைக் கொண்டுவந்தவனே அத்தனை பேர் முன்னால், எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போனான். நம் தலைவர்களில் யாருக்கு அந்தத் தைரியம் உண்டு?’

அன்று பகலில் குழுத் தலைவர் கல்ஃபோன் கடைக்கு வந்தார். நானும் வரிசையில் நின்றிருந்தேன்.

“என்ன அக்கா இது? ஞாயித்துக்கிழமை கையெழுத்து. வியாழக்கிழமை பார்த்து இதை வெக்கிறியே?”

“நானா வெச்சேன்? பினெகாஸ் இந்த வாரம்தான வருது. காலண்டர்கிட்ட போய்ச் சண்ட போடு.”

“என்னைத்தான குத்திக் காட்டுற?”

“உன்னை மோசேயோட சேத்து எழுதிருக்கேன்டா. உங்கம்மாகூட அப்படிச் சொன்னதில்ல.”

வரிசை சிரித்தது. கல்ஃபோனுக்குக் காது சிவந்தது.

“சிரிங்க, சிரிங்க. அவ தம்பிக்கு என்ன பதில் சொல்றது? இந்த ஒரு பொண்ணுக்காக வளைஞ்சா, நாளைக்கு வீட்டுக்கு வீடு வழக்குதான். யாரு தீத்து வெப்பா, நீயா?”

தாள் கட்டு மொத்தத்தையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

“ரொட்டிய மறந்துட்டுப் போறான் பாரு” என்றார் அக்கா. மறுபடி அச்சடிக்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சபத் காலை தோராவை வாசித்தவன் நான். பகுதியை ஏழாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பது வழக்கம். வாசிப்புக்கு முன்னும் பின்னும் அவர் ஆசி வாசகம் சொல்வார். மூன்றாம் துண்டு, மோசே அந்தப் பெண்களின் வழக்கைக் கடவுளிடம் கொண்டுபோனார் என்பதோடு முடிகிறது. பதில் நான்காம் துண்டில் இருக்கிறது. மூன்றாமவர் ஆசி சொல்லி முடித்தார். மேற்பார்வை பார்க்கும் சாசிக் கிழவர் நான்காவதாகக் கல்ஃபோனை அழைத்தார். கல்ஃபோன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

அப்போது மாடியில், பெண்கள் பகுதியின் மரத்தடுப்புக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“நிறுத்துங்க. நான் வாசிப்ப நிறுத்துறேன்.”

கீழே சலசலப்பு. “யாரது?” “கடைக்காரம்மாவா?” “பொம்பளைங்க நிறுத்தலாமா?”

சாசிக் கிழவர் மேசையை ஓங்கித் தட்டினார். “நிறுத்தலாம்! நியாயம் கிடைக்காதவங்களுக்காக வாசிப்ப நிறுத்தற உரிமை நம்ம பெரியவங்க விட்டு வந்த ஜெர்பாவுல எல்லாருக்கும் உண்டு. நாப்பது வருஷமா இங்க யாரும் கேக்கல, அவ்வளவுதான். சொல்லும்மா.”

“அந்த அஞ்சு பேரும் கேட்டுட்டாங்க, பதில் இன்னும் வரல. இப்ப நாம நிக்கிறது அந்த எடத்துலதான். யிஸ்காவும் அங்கதான் நிக்கிறா. குழு அவளை ஒரு தடவைகூடக் கூப்பிட்டுக் கேக்கல. பண்ணைய அவளுக்குக் குடுன்னு நான் சொல்லல. கேக்காம கையெழுத்துப் போடாதேன்னு சொல்றேன். கல்ஃபோன், நீ பதில் சொன்னாத்தான் அடுத்த வரி.”

வரியைத் தொட்டு வாசிக்கும் என் கைக்கோல் அந்த இடைவெளியிலேயே நின்றது. கல்ஃபோன் சுருளைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். தொழுகைச் சால்வையின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். அவர் கோபமாக ஏதோ சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“எனக்குத் தெரியல” என்றார் மெதுவாக.

“கேக்கல, சத்தமா!” என்றார் சாசி.

“எனக்குத் தெரியலன்னு சொன்னேன்! எது சரின்னு தெரியல. ஞாயித்துக்கிழமை கையெழுத்து இல்ல. யிஸ்கா வரட்டும், அவ தம்பியும் வரட்டும். ரெண்டு பேரையும் கேட்டுட்டு, நிலத்துக்குப் பொறுப்பான தலைமை அலுவலகத்துலயும் எழுதிக் கேக்கிறேன். போதுமா அக்கா?”

“போதும். ஆசி சொல்லு, எல்லாரும் பசியோட இருக்காங்க.”

அவர் ஆசி சொன்னார். அந்தப் பெண்கள் கேட்டது நியாயம் என்கிற வரியை நான் வாசித்தேன்.

குழு முன்னால் யிஸ்கா ஒரு மணி நேரம் பேசினாள். எந்தக் குடிலில் எந்த வருடம் என்ன நோய் வந்தது என்பதுவரை சொன்னாள். “அந்தக் குடிலுக்குள்ள நான் பதினஞ்சு வருஷமா போனதே இல்ல” என்று தம்பி தானாகவே ஒப்புக்கொண்டான். தலைமை அலுவலகம், உள்ளூர்க் குழு யாரைச் சொல்கிறதோ அவரே என்று பதில் போட்டது. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் குழுவின் ஒப்புதல் கடிதம் யிஸ்கா பெயரில் வந்தது; கல்ஃபோன்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்று மாலையே யிஸ்கா நாற்று இறக்கினாள். முதல் நாற்றை அக்காதான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அக்கா கடை ஏப்ரனோடு வந்து, ஒன்றோடு நிற்காமல் ஒரு வரிசை முழுக்க நட்டார். வரிசை பாம்பு போல நெளிந்து போனது. அக்கா போகும்வரை காத்திருந்துவிட்டு, யிஸ்கா மண்டியிட்டு எல்லாவற்றையும் பிடுங்கி நேராக நட்டாள்.