எழுபத்தொன்றாம் நம்பர் வண்டி

கண்டிச் சீமையில் மாட்டு வண்டியின் மேல்கூட நம்பர் எழுதிவிடுகிறார்கள். நம் பக்கத்தில் கொம்பையும் கழுத்து மணியையும் வைத்தே இன்னார் வண்டி என்று சொல்லிவிடுவோம். இங்கே அது செல்லாது. காப்பி மூட்டை ஏற்றிக் கொழும்புக்கு இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் பக்கவாட்டில் ஒரு பலகை, அதில் வெள்ளைக்காரன் இலக்கம். சாலையில் மறிக்கிற சிங்களப் போலீஸ்காரர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. "நொம்மரே கீயத?" என்பார். வந்த புதிதில் ஊரும் பேரும் கேட்கிறாரென்று, "கருப்பையாங்க, மானாமதுரைப் பக்கம்" என்று கும்பிட்டேன். கேட்டது நம்பரைத்தான் என்று அவர் பலகையைத் தடியால் தட்டிக் காட்டினார். அதில் எழுபத்தொன்று என்று இருந்தது.

போன முறை ஊருக்கு வந்தபோது என் மனைவி பொன்னி தானும் வருவதாகச் சொன்னாள். அடுத்து கங்காணி தோட்டத்துக்கு ஆள் கட்டும்போது கூட்டத்தோடு வரச் சொன்னேன். இங்கே கருப்பையா என்று கேட்டால் தோட்டத்துக்குப் பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் ஆற்று மணலில் 71 என்று எழுதிக் காட்டினேன்.

"அரிவாளு, பக்கத்துல ஒரு கம்பு. அம்புட்டுதானே?" என்றாள் அந்த எழுத்தறியாதவள்.

"அம்புட்டுதான். மாத்தளை ரோட்டோரத்துல நில்லு. நான் இல்லாட்டி கூலிக்கு எவனாச்சும் ஓட்டியாருவான். மூஞ்சியப் பாக்காத, பலகையப் பாத்து ஏறு."

இந்த மழை விட்டதும் பலகை முறையையே மாற்றிவிட்டார்கள். காப்பி பெருக வண்டியும் பெருகி, பழைய இலக்கம் போதவில்லையாம். முன்னால் ஓர் இங்கிலீஷ் எழுத்து, பின்னால் புது வரிசை. எனக்கு நாலு இலக்க நம்பர் விழுந்தது. எழுபத்தொன்று, முன்னால் ஓர் எழுத்தோடு, யாருக்கோ போனது. பழையதையே தரும்படி சர்க்கார் கச்சேரிச் சேவகரிடம் கெஞ்சினேன்.

"நம்பர் என்ன ஒங்க பாட்டன் சொத்தா?" என்றார்.

அதற்குள் பொன்னி வரும் கூட்டம் மன்னாரில் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. அங்கிருந்து காட்டு வழி. பேதி கண்டு விழுகிறவர்களைப் பாதையோரத்தில் விட்டுவிட்டு நடக்கிற வழி. 

வத்தேகமவில் ஏற்றிய மூட்டைகளை வேறொரு வண்டிக்கு மாற்றிவிட்டு மாத்தளைக்கு ஓட்டினேன். கங்காணி மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"பொன்னி வந்து சேந்துச்சுங்களா?"

"நல்லபடியா வந்துச்சுப்பா. நேத்தே ஒன் வண்டியில ஏறிப் போயிருச்சே. பலகையத் தடவிப் பாத்துத்தான் ஏறுச்சு."

"அது என் வண்டி இல்லீங்க."

அவர் மெல்வதை நிறுத்தினார். "வேற கங்காணி ஆளுகளும் அதுல இருந்தாங்க. நாவலப்பிட்டிக்கு மேல காடு வெட்டப் போறதாப் பேச்சு."

நாவலப்பிட்டிக்கு மேலே தோட்டம் தோட்டமாக விசாரித்தேன். கடைசியில் ஒரு தோட்டத்து வாசலில் காவல்காரர், பொன்னி என்றொருத்தி உள்ளே இருப்பதாகச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அவர் என் பலகையைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு தன் புருசன் வண்டி எழுபத்தொண்ணுனு சொல்லுது. ஒன்னுது வேறயா இருக்கே. ஆள் கடத்தவா வந்த?"

நம்பர் மாறிய கதையைச் சொன்னேன். தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் திருடுகிற காலம், அவர் நம்பவில்லை. அவளைக் கூப்பிடவும் மறுத்தார். பேர் பதிந்த ஆளைத் துரை சொல்லாமல் வெளியே விட முடியாதாம். அவளோ என் வண்டி வருமென்று மேலே காடு வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஊராரே, இதைப் படிக்கிறவர்களில் என் கல்யாணத்தில் சாப்பிட்டவர் யாராவது இருந்தால், அடுத்த கூட்டத்தோடு புறப்பட்டு வாருங்கள். இந்த வாசலில் நின்று, நான்தான் அவள் புருஷன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.