வாசலுக்கு வராத ஆட்டோ

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. மகள் என்ற முறையில் இந்த நினைவஞ்சலியை நீதான் எழுத வேண்டும் என்று அம்மா என்னை உட்கார வைத்துவிட்டார். எழுத எழுத எனக்குக் குழப்பம்தான் கூடுகிறது. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

அப்பா குமணன்சாவடியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்தார். அம்பத்தூரில் லேத் பட்டறை வேலை பார்த்துக்கொண்டே மிருதங்கம் கற்றார். யாரிடமும் கையேந்தியதில்லை, யாரையும் கெடுத்ததில்லை. கோபம் மட்டும் தாராளமாக வரும்.

பூந்தமல்லியில் ஆண்டுதோறும் நடக்கும் இசை விழாவில் வாலிப வயதிலிருந்தே வாசித்தார். ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டேதான் திரும்புவார். மைக் சரியில்லை, தனி ஆவர்த்தனம் வாசிக்க நேரம் தரவில்லை, காபி ஆறிக் கிடந்தது. "இனிமே அந்தப் பக்கம் தலை வெச்சிக்கூடப் படுக்க மாட்டேன்" என்பார். அடுத்த ஆண்டு விழாச் செயலாளர் போன் செய்தால், "வர மாட்டேன், வேற ஆளப் பாத்துக்கோ" என்று வைத்துவிடுவார். ஆனாலும் விழா அன்று மாலை அவர் அனுப்பிய ஆட்டோ வாசலில் வந்து நிற்கும். அப்பா சலவை வேட்டியோடு தயாராக இருப்பார். "ஊடு தேடி வந்துட்டானுங்க, இன்னா பண்றது" என்று சலித்துக்கொண்டே ஏறுவார். பழைய செயலாளருக்கு இது பழகிப் போயிருந்தது.

அப்பா இருந்தபோது நடந்த கடைசி விழாவுக்குச் செயலாளர் மாறிவிட்டார். நல்ல பிள்ளை. அப்பா வர மாட்டேன் என்றதும், "சரிங்க ஐயா, ஒடம்பப் பாத்துக்குங்க" என்று மரியாதையாகப் போனை வைத்துவிட்டார்.

விழா அன்று அப்பா ரவையைப் பிசைந்து நாதம் கனக்க மிருதங்கத்தின் இடப்பக்கம் அப்பி, சுருதி பார்த்து, தெருவைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இருட்டிவிட்டது. ஆட்டோ வரவில்லை.

"நான் ஆட்டோ புக் பண்றேம்ப்பா."

"கூப்புடாத எடத்துக்கு நான் ஏன் போவணும்?"

"கூப்புட்டாங்களேப்பா. நீங்கதானே வர மாட்டேன்னு சொன்னீங்க?"

"அது வேற" என்றார்.

பிறகு வாசிக்காமலேயே ரவையைச் சுரண்டி எடுத்துவிட்டு மிருதங்கத்துக்கு உறை போட்டார். எது வேறு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த விழா அவருக்குப் பிடித்திருந்ததா? பிடித்திருந்தால் ஏன் அத்தனை வசவு? கையைப் பிடித்து இழுத்திருந்தால் வந்திருப்பாரா, என்னையும் திட்டியிருப்பாரா?

அடுத்த விழா வருவதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. செய்தி கேட்டு ஓடிவந்த புதிய செயலாளர், அன்று அப்பா காத்திருந்ததை அறிந்து தேம்பினார். "பெரியவரு வர மாட்டேன்னு சொன்னாரேம்மா. நெஜம்னு நம்பிட்டேனே."

"அவரு சொன்னத அவரே நம்பினாரான்னு எனக்கே தெரியாது தம்பி" என்றார் அம்மா.

இந்த ஆண்டு விழா நெருங்குகிறது. அம்மா முன்வரிசையில் வந்து உட்கார வேண்டும் என்று செயலாளர் போனில் அழைத்தார். "எனக்கு அங்க இன்னா வேலை? நான் வர்ல" என்று அம்மா வைத்துவிட்டார். மறுநாள் அம்மாவின் பட்டுப்புடவை மாடிக் கொடியில் காற்றாடிக்கொண்டிருந்தது.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய எங்கள் அயனம்பாக்கம் பக்கத்து வீட்டாருக்கும், கடைசிவரை கூட நின்ற பட்டறை நண்பர்களுக்கும், விழாக் குழுவினருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. செயலாளர் தம்பிக்கு மட்டும் இன்னொரு வார்த்தை. அம்மா வர மாட்டேன் என்று சொன்னது உண்மைதான். ஆட்டோவை அனுப்பி வையுங்கள்.