ஆடி மாதத்துக் கட்டம்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவுகளே, நட்புகளே! எத்தனையோ பேச்சுப்போட்டி மேடைகளில் தடையின்றிப் பேசிய நான், இன்று அப்பாவைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பா களக்காட்டில் பிறந்தார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, திருநெல்வேலிக்கு வந்து மண் சுமந்தார்கள், கொத்தனார் ஆனார்கள், பிறருக்கு வீடு கட்டித்தரும் ஒப்பந்தக்காரராக உயர்ந்தார்கள். ஐம்பது வயதைக் கடந்தபின், சொந்தமாக ஆறு வீடுகள் கொண்ட அடுக்ககம் எழுப்ப விரும்பினார்கள். அதற்காக, நோட்டும் பேனாவுமாக வங்கி அதிகாரியின் முன் மாணவராக அமர்ந்தார்கள்.

நம் முதல் எவ்வளவு, கடன் எவ்வளவு, வாங்குவோரின் தவணை எவ்வளவு என்று பிரித்துக் கற்றார்கள். கடன் மொத்தமாக வராது, ஒவ்வொரு தளமாக முடித்துக் காட்டினால்தான் அடுத்த பங்கு வரும் என்று அறிந்த அன்று சிரித்தார்கள். "நம்ம சித்தாள் சம்பளம் மாதிரிதாம்லா! வேலைய முடிச்சாத்தான் துட்டு."

மாதவாரி வரவுசெலவு அட்டவணையைக் கணினியில் நான் தயாரித்தேன். அப்பா அதில் ஆடி மாதத்துக் கட்டத்தில் விரல் வைத்தார்கள்.

"ஏட்டி, ஆடியிலயும் தவணை வருதுன்னு போட்டிருக்கியே. ஆடியில எவன் பத்திரம் போடுதான்? துட்டு நின்னுரும், வட்டி நிக்காதுல்லா."

நான் எழுந்து நின்று கால்மணி நேரம் வாதிட்டேன். இக்காலத்தில் ஆடி பார்ப்பவர் எவர் என்று முழங்கினேன். அப்பா கைதட்டினார்கள்.

"சரிம்மா, கோப்பை ஒனக்குத்தான்."

அட்டவணை அப்படியே வங்கிக்குப் போயிற்று.

ஆடி வந்தது. இரண்டாம் தளத்துக்குக் கம்பி கட்டியாயிற்று. பத்திரம் போட்டுத் தவணை தரவேண்டிய மூன்று குடும்பத்தாரும், "ஆவணி பொறக்கட்டும், அண்ணாச்சி" என்றனர். அவர்கள் பங்கு வராமல் வங்கியும் அடுத்த பங்கை விடவில்லை. ஒருவர் கூலியையும் அப்பா நிறுத்தவில்லை; அதற்காகப் பிறர் கட்டடத்தில் மறுபடி கொத்துக்கரண்டி பிடித்தார்கள். என்னை ஒரு சொல் கடியவில்லை. கடிந்திருக்கலாம், அப்பா!

அங்கேதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார்கள். மருத்துவமனையில் கடைசியாகச் சொன்னது இதுதான்: "சாரல் அடிக்கி. கம்பி நனையும், மூடச் சொல்லு."

பதினாறாம் நாள் காரியத்தன்று அம்மூன்று குடும்பத்தாரும் பணத்தோடு வந்தனர். "ஆடி முடியலையே?" என்றேன். அவர்களுள் மூத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, என் கையைப் பற்றினார்.

"அண்ணாச்சியே போயாச்சு. இனி நாங்க என்னத்த நல்ல நாள் பாக்க?"

அவர்களுக்கும், மழையில் ஓடிக் கம்பியை மூடிய தொழிலாளர்களுக்கும், பொறுமையாகக் கற்பித்த வங்கி அதிகாரிக்கும், அம்மாவோடு நின்ற உங்கள் யாவருக்கும் எங்கள் குடும்பத்தின் கண்ணீர் நன்றி. ஆறு வீடுகளிலும் இன்று விளக்கு எரிகிறது.

நான் எழுதியபடியே ஆடியில் பணம் வந்தது. அதற்கு என் அப்பா போகவேண்டியிருந்தது.