உடம்பு நல்லாத்தான் இருக்கு... வேலைக்கு வரல

போன திங்கட்கிழமை காலை. பசியாறிக்கொண்டிருந்தோம். என் மனைவி பூங்கொடியின் கைப்பேசி அடித்தது. கையெல்லாம் சட்னி என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், குமரன் பேசுறேன். இன்னிக்கி வேலைக்கு வரல."

"சரி, குமரன்."

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு மேடம்."

"சரி."

அந்தப் பக்கம் இரண்டு இருமல் கேட்டது.

"ஒடம்புதான் நல்லாருக்கே, எதுக்கு இருமுறீங்க?"

"தெரியல மேடம்... பழக்கம்லா."

போனை வைத்த பூங்கொடி கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஊழியர் வேலைக்கு வராததற்கு எந்த மேனேஜராவது சிரிப்பாரா? அதுவும் திங்கட்கிழமை காலையில்? உங்களுக்கு இது புரிய வேண்டுமென்றால் இந்த வருடத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும்.

பூங்கொடி பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் மனிதவளத் துறை மேனேஜர். பினாங்குத் தீவில், பாயான் பாருவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் இரண்டாம் பாலம் ஏறிப் போகிறார். நோயாளிகளுக்கு மருந்து ஏற்றுகிற குழாய்களைச் செய்யும் தொழிற்சாலை அது. சரி, ஊருக்கெல்லாம் குழாய் செய்கிறவர்களுக்கே சளி பிடித்தால்?

கம்பெனி பார்த்துக்கொள்ளும். கம்பெனி பேசி வைத்திருக்கும் பேனல் கிளினிக்கில் அட்டையை நீட்டினால் போதும். ஊழியருக்கு மட்டுமல்ல, கணவன், மனைவி, பிள்ளைகளுக்கும் உண்டு. கணவன் என்ற தகுதியில் நானும் அந்த அட்டையில் தொங்குகிறவன்தான். பில் மட்டும் கடைசியில் பூங்கொடியின் மேசையில் வந்து விழும்.

அந்த பில்தான் ஏறிக்கொண்டே போனது. எங்கேதான் ஏறவில்லை? இன்சூரன்ஸ், ஸ்பெஷலிஸ்ட் கட்டணம், மருந்து விலை... எதுவும் பூங்கொடியைக் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை. ஆனால் ஏறியது ஏன் என்ற கேள்வி மட்டும் அவரிடம்தான் வரும்.

நிதித் துறைத் தலைவர் மிஸ்டர் டான் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன், 'லா' மட்டும் அவருடையது.

"குடும்பத்தை நிறுத்திடு லா. ஸ்டாஃபுக்கு மட்டும் போதும்."

பூங்கொடி அவகாசம் கேட்டார். வருடக் கடைசிக்குள் பில் இறங்கினால் குடும்பங்களுக்கு அட்டை இருக்கும். இறங்காவிட்டால் இல்லை. அப்படித்தான் பேச்சு முடிந்தது.

கேன்டீனுக்குத் தெரியாமல் ஒரு தொழிற்சாலையில் ரகசியம் உண்டா? மறுநாளே பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் தனம் அக்கா வந்து நின்றார்.

தனம் அக்காவுக்கு வீடு சிம்பாங் அம்பாட்டில். கணவர் தவறிவிட்டார். ஒரே மகள், மூன்றாம் படிவம் படிக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு ஆஸ்துமா. வீட்டுக்கு அடுத்த கடை வரிசையிலேயே பேனல் கிளினிக். இழுக்க ஆரம்பித்தால் நடந்தே கூட்டிப் போய் நெபுலைசர் வைத்துவிடுவார். அரசாங்க மருத்துவமனை இல்லாமல் இல்லை. நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், கட்டணமும் சொற்பம். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டும், போய்க் காத்திருக்க வேண்டும். மூச்சுக்குக் காத்திருக்கத் தெரியாதே.

"பிள்ளைங்க கார்டை எடுத்துருவாங்கன்னு பேசிக்கிறாங்க. மெய்யாவா மேடம்?"

"இன்னும் இல்லக்கா" என்று சொல்லி அனுப்பினார் பூங்கொடி. அந்த 'இன்னும்' என்ற வார்த்தை அவரை விடவே இல்லை. வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் போஸ்டர் ஒட்டினார். 'அவசியம் என்றால் மட்டும் டாக்டரைப் பாருங்கள்' என்று மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் எல்லாவற்றிலும். பலன் இருந்தது. யாரோ போஸ்டரில் இருந்த டாக்டருக்கு மீசை வரைந்துவிட்டார்கள். மற்றபடி கிளினிக்கில் அதே கூட்டம்.

சிக்கனம் வீட்டுக்குள்ளும் வந்தது. ஒரு நாள் நான் தும்மினேன்.

"நிஜத் தும்மலா?" என்றார் பூங்கொடி.

கல்யாணமான நாளிலிருந்து என் சமையலைச் சந்தேகித்திருக்கிறார், என் வரவு செலவைச் சந்தேகித்திருக்கிறார். தும்மலைச் சந்தேகித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்தது பரிசுத் திட்டம். எம்சி எடுக்காத பிரிவுக்கு ஒரு பெரிய ஹேம்பர், பரிசுக் கூடை. எம்சி என்றால் என்னவென்று மலேசியாவில் விளக்க வேண்டுமா என்ன... டாக்டர் எழுதித் தருகிற மருத்துவ விடுப்புச் சீட்டுதான். அது இருந்தால் சம்பளம் வெட்டில்லை, திட்டு இல்லை.

இந்த முறை எல்லோரும் உற்சாகமாக இறங்கினார்கள். கொஞ்சம் அதிக உற்சாகம். காய்ச்சலோடு படுத்திருந்தவரை, "ஒன்னால ஹேம்பர் போயிடும்லா, வா" என்று காடியில் போய் ஏற்றி வந்தார்கள். ஜெயித்த பிரிவு முகக்கவசம் போட்டுக்கொண்டு ஹேம்பரோடு படம் எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் அந்தப் பிரிவு மொத்தமும் கிளினிக்கில். கூடவே அவர்கள் குடும்பங்களும். அந்த மாத பில்லைப் பார்த்த மிஸ்டர் டான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான். நிர்வாகம் செய்வது ஒழுகும் வீட்டில் வாளி வைக்கிற வேலைதான். இங்கே வைத்தால் அங்கே சொட்டும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நான் பாசாருக்குப் போய் முட்டை வாங்கி வந்தேன். வைக்கலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தால் கதவில் இடமே இல்லை. இருமல் மருந்து, காய்ச்சல் மாத்திரை, வாயு மாத்திரை, வைட்டமின் சி, மறுபடியும் இருமல் மருந்து... எல்லாம் பேனல் கிளினிக் உபயம். எந்த நோய்க்குப் போனாலும் பை நிறையக் கொடுத்துவிடுவார்கள். தூக்கிப் போட மனசு வருமா? நம் வழக்கப்படி ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று.

"பூங்கொடி, முட்டைய எங்க வைக்கிறது?"

வந்து பார்த்தார். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தபடியே அது கத்த ஆரம்பிக்கும்வரை நின்றார்.

"எல்லாரு வீட்லயும் இப்படித்தாங்க இருக்குமா?"

"முட்டை வைக்கிற எடத்துல முட்டை இருக்கற வீடு எனக்குத் தெரிஞ்சு இல்ல."

மறுவாரம் தொழிற்சாலையில் ஓர் அறிவிப்பு. வீட்டில் கிடக்கும் பழைய மருந்துகளைச் சனிக்கிழமை கேன்டீனுக்குக் கொண்டு வாருங்கள், முறைப்படி அழிக்க பார்மசி ஏற்பாடு செய்திருக்கிறது, யாரையும் எந்தக் கேள்வியும் கேட்கமாட்டோம். எங்கள் வீட்டுப் பைகளைத் தூக்க ஆள் வேண்டுமே, என்னையும் அழைத்துப் போனார்.

ஒரு மேசை போட்டிருந்தார்கள். அது நிறைந்து, பக்கத்து மேசையும் நிறைந்து, சாப்பிட இடமில்லாமல் போனது. எல்லாம் அதே பாட்டில், அதே மாத்திரை. பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. ஒரு கிளினிக்கே திறந்துவிடலாம் போலிருந்தது.

மிஸ்டர் டான் பார்க்க வந்தார். மூடி திறக்காத ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரில் இரண்டு பைகளோடு நின்றவர் மெஷின் ஆபரேட்டர் குமரன். முதலில் போனில் இருமினாரே, அவரேதான்.

"நோய் வந்துதான் டாக்டரிடம் போகிறாய். அப்புறம் மருந்தை ஏன் குடிக்கவில்லை?"

குமரன் பூங்கொடியைப் பார்த்தார். "கேள்வி கேக்க மாட்டோம்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு பாஸ்."

"சும்மா கேட்கிறேன் லா."

"இருமல் இருந்தாத்தானே பாஸ் குடிக்கிறதுக்கு?"

 டான் விடவில்லை. அப்படியானால் எதற்குப் போனாய் என்றார்.

"பையனோட ரிப்போர்ட் கார்டு வாங்குற நாள் பாஸ். அப்பா வந்தே ஆகணும்னு டீச்சர் சொல்லிட்டாங்க. லீவுன்னா முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும். பையன் சொன்னதே முந்தின நாளு சாயங்காலம். வேற வழி எம்சிதான். டாக்டர்ட்ட சும்மா போய் உக்கார முடியுமா? இருமணும். இருமினா மருந்து குடுத்துருவாங்க."

அவ்வளவுதான், மற்றவர்களுக்கும் வாய் திறந்துகொண்டது. ஒருவருக்கு அவர் குடியிருக்கும் தாமானில் தண்ணீர் வரவில்லை, வயிற்றுவலி. ஒரு மலாய் அக்காவுக்குத் தங்கையின் நிச்சயதார்த்தம், தலைச்சுற்றல். தைப்பூசத்துக்கு மறுநாள் பாதிப் பேருக்குக் கால்வலி. அன்றைக்கு வருகிறவர்களிடம், "காவடியா, தண்ணீர்ப் பந்தலா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எம்சி எழுதத் தொடங்கிவிடுவாராம் டாக்டர். தண்ணீர்மலை ஏறி இறங்கிய கால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

மிஸ்டர் டான் பாட்டிலை மெதுவாக மேசையில் வைத்தார்.

"செங் பெங் முடிந்த மறுநாள் எனக்கும் முதுகுவலி வந்தது" என்றார். முன்னோர் சமாதிகளைச் சுத்தம் செய்து கும்பிடுகிற சீனர்களின் நாள் அது. "ஆனால் அது உண்மையான வலி லா."

எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினோம்.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில்தான் பூங்கொடி வாயைத் திறந்தார். "நாம நோய்க்குக் காசு கட்டலைங்க. லீவுக்குக் கட்டிக்கிட்டு இருக்கோம். ஒருத்தரு ஒரு நாள் வீட்ல இருக்கறதுக்கு டாக்டர் ஃபீசு, மருந்து காசு, எம்சி... எல்லாம் நம்ம தலையில."

அவர் மிஸ்டர் டானிடம் கேட்டது இரண்டே விஷயம். ஒன்று, வருடத்தில் சில நாட்கள், காலையில் போன் செய்து 'இன்றைக்கு வரவில்லை' என்று சொன்னால் போதும். காரணம் வேண்டாம், எம்சி வேண்டாம். இன்னொன்று, கிளினிக்குகள் பை நிறைய மருந்து கட்டாமல், தேவையானதை மட்டும் தர வேண்டும்.

"திங்கட்கிழமை ஃபேக்டரியில் மெஷின் மட்டும்தான் இருக்கும் லா" என்றார் டான்.

"அப்படி ஆச்சுன்னா குடும்பத்துக் கார்டை நானே நிறுத்திடுறேன் பாஸ்" என்றாராம் பூங்கொடி.

இதைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம் ஆட்களை எனக்குத் தெரியாதா? தனம் அக்கா மகளின் மூச்சை இவர்களை நம்பியா அடகு வைப்பது?

டான் சம்மதித்து, திட்டம் தொடங்கிய முதல் திங்கட்கிழமை சில போன்களே வந்தன. மக்களுக்குச் சொல்லத்தான் வரவில்லை. காரணம் கேட்காமலே ஒருவர் தன் பூனையின் வயிற்றுப்போக்கைப் பற்றி விளக்கினார். இன்னொருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் மத்தியானம் வந்து நின்றார். நோயில்லாமல் வீட்டில் இருப்பது அவ்வளவு கூச்சமாக இருந்திருக்கிறது.

ஆனால் உண்மையான பரீட்சை தீபாவளிக்கு மறுநாள்தான். எங்களுக்குப் பொது விடுமுறை ஒரு நாள். மறுநாள் தமிழர்கள் யாரும் வரமாட்டார்கள் என்று மிஸ்டர் டான் எழுதியே வைத்துவிட்டார். பூங்கொடி அன்று பலகாரம்கூடச் சாப்பிடாமல் கிளம்பிப் போனார்.

போய்ப் பார்த்தால் எல்லா மெஷினும் ஓடுகிறது. தமிழ் ஊழியர்கள் தங்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் அன்றைக்கு வேலைக்கு நிற்பது, யார் மறுநாள் நிற்பது என்று முன்பே பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மீதி இடத்துக்கு மலாய், சீன நண்பர்களைப் பேசிப் பிடித்திருக்கிறார்கள். கூலி, முறுக்கு. தனம் அக்காவின் அட்டைக் கதை அவர்கள் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனவரும் அவர்தான்.

நம் ஆட்களை எனக்குத் தெரியும் என்று சொன்னேனே... தெரியாது.

ஆஸ்பத்திரி பில் இறங்கவில்லை. அது பூங்கொடியால் ஆகிற காரியமும் இல்லை. ஆனால் கிளினிக் பில் நன்றாகவே இறங்கியது. "அடுத்த வருடமும் குடும்பம் இருக்கட்டும் லா" என்றார் மிஸ்டர் டான். நிதித் துறைக்காரர் அல்லவா, "அதற்கப்புறம் பார்ப்போம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

செய்தியைச் சொன்னபோது தனம் அக்கா நன்றியெல்லாம் சொல்லவில்லையாம்.

"முந்தாநேத்து பாப்பாவுக்கு இழுத்துருச்சு மேடம். நடந்தே கூட்டிட்டுப் போயிட்டேன். கவுண்டர்ல கார்டை நீட்டிட்டு அங்க இருந்தவங்க மூஞ்சியவே பாத்தேன். செல்லாதுன்னு சொல்லிருவாங்களோன்னு... வாங்கிக்கிட்டாங்க."

இதை எனக்குச் சொல்லிவிட்டுப் பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.  நானும் ஒரு தும்மல் தும்மி, அந்தச் சாக்கில் கண்ணையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டேன். இந்தத் தடவை நிஜத் தும்மலா என்று அவர் கேட்கவில்லை.

பெரிய நிர்வாகிகளுக்கு யோசனை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் செலவைக் குறைக்கிறோம் என்று யாருடைய அட்டையையாவது பிடுங்குவதற்கு முன்னால், ஒரு தடவை அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கலாம். ஒரு மனிதனுக்கு ஒரு நாள் வீட்டில் இருக்க வேண்டியிருந்தால், அதற்காக அவனை நோயாளியாக்க வேண்டுமா?

இவ்வளவையும் பார்த்துவிட்டு எனக்கும் ஓர் ஆசை வந்தது. நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்குப் போன் செய்தேன். "அண்ணே, ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. இந்த வாரம் பத்தி எழுதல."

"எம்சி இருக்கா?" என்றார்.

அதனால்தான் இந்த வாரமும் நீங்கள் இதைப் படிக்க வேண்டியதாகிவிட்டது.