கைச்சூட்டில் தெளியாத வில்லை

பசாரில் ஆட்டுக்கண்களை வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவது என் வேலையில் ஒரு பகுதி. "தலையை விட்டுட்டு கண்ண மட்டும் வாங்குற ஒரே ஆளு நீதான்லா தம்பி," என்று இறைச்சிக்கடை அண்ணன் அன்றும் சிரித்தார்.

கண்வில்லை முழுக்க கிரிஸ்டலின் என்ற புரதங்கள். அவற்றில் பீட்டாவும் காமாவும் ஒரே குடும்பம். மடிந்திருக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். பீட்டாக்கள் சேர்ந்து நிற்கும், காமாக்கள் தனித்தனியே நெருங்கி அடைந்திருக்கும். காமாக்களுக்குள்ளும் சிறு அமைப்பு வேறுபாடுகள் உண்டு. சில வகை, குளிர்ந்தால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதனால் ஐஸில் வைத்த இளம் ஆட்டின் கண்ணிலிருந்து எடுக்கும் வில்லை பால்போல் வெளுத்திருக்கும். உள்ளங்கையில் சற்று நேரம் வைத்தால் தெளிந்துவிடும்.

தெளிந்த வில்லையைக் கோடு போட்ட தாளின்மேல் வைப்போம். அதன் வழியே கோடுகள் கூர்மையாகத் தெரிந்தால் ஆய்வுக்குப் போகும். தெரியாவிட்டால் கெட்டுப்போனது என்று எறிந்துவிடுவோம். எதை வைப்பது, எதை எறிவது என்பது என் கண்ணின் முடிவு. அதற்காகத்தான் ஆண்டுதோறும் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள்.

அன்று முதல் வில்லை கையில் சூடேறியும் தெளியவில்லை. இரண்டாவதும் அப்படியே. கடையில் பழைய சரக்கைத் தந்துவிட்டார்கள் என்று எரிச்சலோடு இரண்டையும் குப்பைத் தட்டில் போட்டேன்.

பக்கத்து மேசையில் வேலை செய்யும் பெண் எட்டிப் பார்த்தாள். எனக்குச் சில ஆண்டுகள் இளையவள். தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தாளில் வைத்தாள்.

"அண்ணே, இது கிளியரா இருக்கே. ஏன் போட்டீங்க?"

குனிந்து பார்த்தேன். எனக்குக் கோடுகள் புகைக்குள் கிடந்தன.

சில மாதங்களாகவே எதிரே வரும் மோட்டார் விளக்குகள் சிதறித் தெரிந்தன. மூக்குக்கண்ணாடிக் கடையில், கண்புரை போலிருக்கிறது, மருத்துவமனையில் காட்டுங்கள் என்றார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. கண் போனவனுக்கு இந்த மேசையில் என்ன வேலை? இந்த வயதில் வேறு எந்த மேசை கிடைக்கும்?

அவள் குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் அத்தனை வில்லை கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே, அதுவும் இப்படித்தானா?"

"கண்ணுல புரையாம்," என்றேன். கருவில் உருவான வில்லைப் புரதம் புதுப்பிக்கப்படுவதில்லை. சாகும்வரை அதே இடத்தில் அடைந்து கிடக்கும். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதை நான்தான் விளக்குவேன்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாம்லா. என் மாமா பண்ணிக்கிட்டு இப்ப பேப்பர் படிக்கிறாரு," என்றாள்.

"அதுக்கு லீவு கேக்கணும். காரணம் சொல்லணும்."

"சரி, இன்னிக்கு நான் பாத்துச் சொல்றேன், நீங்க எழுதுங்க. ஆனா பாஸ்கிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணே. அடுத்த தடவை நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து "தெளிவு" என்றாள். நான் பார்க்காததை நேர்த்தியாக எழுதினேன். ஒருமுறைகூடக் கோடு பிசகவில்லை.

கடைசி வில்லை என் கையில் இருந்தது. "சூடு போதும், குடுங்க," என்றாள். இன்னும் சூடேறவில்லை என்று சொல்லி, விரல்களை மூடிக்கொண்டேன்.