ஒரு தட்டு, ஒரு சுற்று

இதை நம்பாதவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. சட்டையைத் தூக்கி இடது விலாவைக் காட்டிவிடுவேன். அங்கே இரண்டு எலும்புகள் கோணலாகச் சேர்ந்திருக்கின்றன. கதை கட்டுகிறவனுக்கு விலா உடைவதில்லை. இது எனக்கு நடந்தது. 1957, நவம்பர் இரண்டாம் தேதி, சனிக்கிழமை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில், என் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்.

அன்று கல்லறைத் திருநாள். எங்கள் தெருவில் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள்தான். மெழுகுவர்த்தியும் சாமந்திப் பூவும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் எல்லோரும் ஓசூர் ரோடு கல்லறைக்குக் கிளம்பிவிடுவார்கள். தெருவில் ஒரு குஞ்சு குருமான் இருக்காது. நான் மட்டும் போகவில்லை.

"ஏங்க, உங்க அப்பா கல்லறையில ஒரு மெழுகுவத்தியாவது ஏத்திட்டு வந்துடலாமே" என்றாள் என் மனைவி நோரா.

"செத்தவங்க எங்க ஓடிடப் போறாங்க? நாளைக்குப் போய்க்கலாம். திங்கக்கிழமை வண்டி ஓடணும்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வண்டி ஒரு பழைய பிக்கப். மிலிட்டரி ஏலத்தில் எடுத்திருந்த தொம்மலூர் சுந்தரேசனிடமிருந்து வாங்கினேன். ஜாக்கியும் அதோடு வந்ததுதான். எஞ்சின் தங்கம். ஆனால் அதைத் தாங்கும் அடிச்சட்டம், எங்கள் பேச்சில் சேஸ், சுண்டினால் அப்பளமாக உதிர்ந்தது. ஒரு பேக்கரிக்கு ரொட்டி ஏற்ற ஒப்புக்கொண்டு, அந்த வண்டியை நம்பி ஒர்க்ஷாப் வேலையையும் விட்டிருந்தேன். அதனால் வீட்டிலேயே அதைக் கழற்றிப் போட்டு, துருவேறிய இடங்களை வெட்டி, புதுத் தகடு வைத்து ரிவெட் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் துணை நோராவின் தம்பி டொமினிக். நான் சேஸுக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பேன். அவன் ஜாக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ரிவெட் காய்ச்சும் ப்ளோ லாம்ப் இரையும் இரைச்சலில் பேச்சு கேட்காது. அதற்காக ஒரு பழக்கம் வைத்திருந்தோம். நான் ஸ்பேனரால் சேஸில் ஒரு தட்டு தட்டினால், அவன் ஜாக்கியை ஒரு சுற்று இறக்க வேண்டும். தட்டவில்லையென்றால் சும்மா நிற்க வேண்டும். யோசிக்காதே, தட்டினால் திருப்பு என்று அவனைப் பழக்கியிருந்தேன்.

அது ஸ்க்ரூ ஜாக்கி. தானாக இறங்கவே இறங்காது. யாராவது திருப்பினால்தான் உண்டு.

அன்று நான் செய்த முட்டாள்தனம் ஒன்றுதான். சேஸுக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகள் முட்டுக் கொடுத்திருந்தேன். இடது பக்கக் கட்டை தகடு வைக்க இடைஞ்சலாக இருந்தது. உருவித் தள்ளிவிட்டேன். திரும்ப வைக்க மறந்துவிட்டேன்.

ஐந்தரை மணி இருக்கும். கடைசி ரிவெட்டை அடித்து முடித்தேன். ப்ளோ லாம்பை அணைத்தேன். கொட்டகை சட்டென்று அமைதியானது. கால்மாட்டில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. கதவிடுக்கில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"டொமினிக், மெதுவா இறக்கு" என்றேன். பதில் இல்லை. தட்டினேன்.

டங்.

கிறீச்... ஒரு சுற்று இறங்கியது.

டங். கிறீச்...

டொமினிக் திருப்பினால் நடுவில் ஒரு தடவை நிற்பான், மூச்சு வாங்குவான், ஏதாவது பாட்டு முணுமுணுப்பான். இன்று நூல் பிடித்தமாதிரி முழுச் சுற்று. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"என்னடா, திடீர்னு வேலைக்காரன் ஆயிட்டே" என்று கிண்டல் செய்தேன்.

அதற்கும் பதில் இல்லை. அக்கா கோபித்துக்கொண்டு போன வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் இரண்டு தட்டு தட்டினேன்.

சேஸ் கட்டையின் மேல் உட்காரும் 'தொப்' சத்தம் வலது பக்கம் கேட்டது. இடது பக்கம் கேட்கவில்லை. இடது பக்கம் இன்னும் கீழே சாய்ந்து என் நெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்தது.

கட்டை!

"டொமினிக்! ஏத்து, ஏத்து!" என்று கத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

இடது கை சேஸுக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. வலது கையில் ஸ்பேனர் இருந்தது. பயத்தில் ஓங்கி அடித்தேன். அவன் கவனிக்கட்டும் என்றுதான்.

டங்.

கிறீச்...

நெஞ்சிலிருந்து காற்று போய்விட்டது. மறுபடி அடித்தேன். புத்தி வேலை செய்யவில்லை.

டங். கிறீச்...

டங். கிறீச்...

விலாவில் ஏதோ முறிந்தது. அப்போதுதான் புரிந்தது. உதவிக்கு நான் தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுற்று இறங்குகிறது.

ஸ்பேனரைக் கீழே போடக்கூடப் பயம். விரல்களில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கத்த மூச்சில்லை. கத்தினாலும் கேட்கத் தெருவில் ஆளில்லை.

சரியாக ஆறு மணி. மாதா கோவில் மணி அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு அடிக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மாதாவே, இது கணக்கில் வேண்டாம் என்று வேண்டினேன்.

சுற்று இறங்கவில்லை.

மெல்லத் தலையைத் திருப்பினேன். ஜாக்கிக்குப் பக்கத்தில் கால்கள் தெரிந்தன.

டொமினிக் ரப்பர் செருப்புப் போடுகிறவன்.

அவை பூட்ஸ் கால்கள். மிலிட்டரி பூட்ஸ். காய்ந்த சேறு. என்னைப் பார்த்து நின்றன. அசையவில்லை... அடுத்த தட்டுக்குக் காத்திருந்தன.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது.

வெளியே வாசல் கேட் சத்தம். நோராவின் குரல். கூடவே டொமினிக்கின் குரல்.

வெளியிலிருந்து.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நோரா கொட்டகைக்கு வந்தால் தகரக் கதவை மூன்று தட்டு தட்டுவாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. கல்யாணமான நாளிலிருந்து அதுதான் பழக்கம்.

மூன்று சுற்று என்னால் தாங்க முடியாது.

காலடிகள் நெருங்கின.

எனக்கு மிச்சம் இருந்தது ஒரு கால். இருட்டானால் அவள் தட்டாமல் ஓடி வருவாள் என்று விளக்கை உதைத்தேன்.

அது உருண்டு போய் ஜாக்கியில் மோதியது. டங்.

கிறீச்...

இன்னொரு விலா.

இருட்டு.

"அய்யோ, விளக்கு அணைஞ்சுடுச்சு! டொமினிக், ஓடு!"

கதவு திறந்தது. யாரும் தட்டவில்லை.

டொமினிக் தடவித் தடவி ஜாக்கியை ஏற்றினான். என்னை வெளியே இழுத்தார்கள். தீக்குச்சி வெளிச்சத்தில் கொட்டகையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் டொமினிக் அழுதான். "மாமா, அஞ்சு மணிக்கே கல்லறைக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன். நீங்க ப்ளோ லாம்ப் போட்டிருந்தீங்க. கம்பியைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் போனேன். வந்து பாக்கறப்ப அது ஜாக்கியில இருந்துச்சு. பிடிச்சா... கை சூடு இருந்துச்சு மாமா."

மூன்றாம் நாள் சுந்தரேசன் பார்க்க வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்ஸ் என்றதும் அவர் முகம் செத்துவிட்டது.

"உன்கிட்ட மறைச்சிருக்கக் கூடாது ஓஸ்வால்ட். ஏலம் எடுத்தப்போ கேம்ப்ல சொன்னாங்க. இந்த வண்டிக்கு அடியில ஒரு மெக்கானிக் நசுங்கிச் செத்திருக்கான்."

"ஜாக்கி சரிஞ்சுதா?"

"இல்ல. ஜாக்கி திருப்பினவருக்குக் காது சுத்தமா கேக்காது. ஒரு குண்டு வெடிச்சதுல போனது. கம்பியில கை வெச்சிருப்பார். அடியில இருக்கறவன் தட்டினா அதிர்வு கைக்கு வரும், உடனே ஒரு சுற்று. அதான் அவங்க பழக்கம். அன்னிக்கு அடியில இருந்தவன் கத்தியிருக்கான். இவருக்குக் கேக்கல. அப்புறம் அவன் தட்டியிருக்கான்..."

நான் கோவில் மணியை நினைத்துக்கொண்டேன். அதன் அதிர்வு கம்பிக்கு வந்திருக்காது.

"அவர் இப்ப எங்க?"

"அன்னிக்கு ராத்திரியே செத்துப் போய்ட்டார். கம்பியை அவர் கையிலேர்ந்து பிரிக்கவே முடியலையாம்."

அந்த வண்டியை நான் ஓட்டவில்லை. ஒர்க்ஷாப்புக்கே திரும்பிப் போய், கெஞ்சி, பழைய வேலையைக் கேட்டு வாங்கினேன். ஆனால் வீட்டுக்கு வந்த அன்று கொட்டகைக்குப் போய், நான் மாட்டிக்கொண்ட இடத்தில் சேஸின் துருவைச் சுரண்டிப் பார்த்தேன்.

துருவுக்கு அடியில் ஸ்பேனர் அடித்த குழிகள் இருந்தன. பழைய குழிகள், வரிசையாக. முதலில் ஆழமாக. போகப் போக மேலோட்டமாக. கடைசிக் குழி நகக்கீறல் அளவுக்குத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த இடத்தில், அதே வரிசையில், துருவேறாமல் பளபளவென்று மூன்று இருந்தன.

அவை என்னுடையவை.